அத்தைக்கு ஒரு பிஸ்டல்



மெக்கானிக்கல் படிக்கிறோம் என்றால் ஊரில் நமக்கு ஒரு தனி மரியாதைதான். போர் மோட்டார் ஓடாவிட்டாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள், மிக்ஸி ஓடாவிட்டாலும் நம்மைத்தான். காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாலையில் குடியிருக்கும் என் மாமா கேட்டதோ வேறு: "மாப்ள, உங்கத்தைக்குச் சின்னதா ஒரு பிஸ்டல் வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கறேன். பழசா இருந்தாலும் செரி. எதைப் பார்த்து வாங்கோணும்?"

சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர். 2025-இல் சிவகிரி அருகே ஒரு வயதான தம்பதி. எல்லாம் தனித்திருந்த தோட்டத்து வீடுகளில் நடந்தவை. அதன் பிறகு நம் பக்கத்தில் பலருக்கு ராத்தூக்கம் இல்லை. அதனால் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம்

மனைவிக்குப் புடவை வாங்குவது போல் துப்பாக்கி வாங்க முடியாது. லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. அத்தை பெயரிலேயே விண்ணப்பம், போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று எல்லாம் வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்தின்படி 2 முதல் 5 வருஷம் வரை சிறை. பழைய துப்பாக்கியை விற்பவரும் கலெக்டருக்கோ, பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகே கை மாற்றலாம்.

9 மி.மீ. பிஸ்டல் நமக்குத் தடை. கிடைப்பது .32, அதாவது 7.65 மி.மீ. புதிது என்றால் அரசுத் தொழிற்சாலையின் 'அசனி'. பழையது என்றால் வால்தர், வெப்லி போன்ற வெளிநாட்டுச் சரக்கு. 1980-களில் இறக்குமதி நின்றுபோனதால், தாத்தா காலத்துப் பிஸ்டலுக்கும் யானை விலை சொல்வார்கள். இன்னொன்று: .32 ரிவால்வர் தோட்டா வேறு, .32 பிஸ்டல் தோட்டா வேறு. பெயர் ஒன்று என்று ஏமாந்துவிடக் கூடாது.

சின்னது என்றால் சுலபமா?

பெண்களுக்குச் சின்னதுதான் நல்லது என்று கடைக்காரர் முதல் கணவர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். நம் முதலாமாண்டு அப்ளைடு மெக்கானிக்ஸ் வேறு மாதிரி சொல்கிறது. குண்டின் எடை சுமார் 4.6 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 280 மீட்டர். உந்தம் 1.29. பிஸ்டல் 650 கிராம் என்றால் அது நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னால் உதைக்கும். 500 கிராம் என்றால் 2.6 மீட்டர். எடை குறையக் குறைய உதை கூடும்.

அடுத்தது ஸ்பிரிங். இந்த வகைப் பிஸ்டலில் குண்டு வெளியேறும் வரை பின்பக்கத்தைப் பிடித்து வைக்கப் பூட்டு எதுவும் கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் தாங்க வேண்டும். ஸ்லைடு சின்னதானால் ஸ்பிரிங் கடினமாகும். முதல் தோட்டாவை ஏற்ற அதைக் கையால் இழுத்தாக வேண்டும். மூட்டு வலிக்காரருக்கு இது பெரிய சோதனை.

பழையதில் பார்க்க வேண்டியவை

முதலில் மேகசினைக் கழற்றி, அறை காலி என்று கண்ணால் பார்க்க வேண்டும். சீரியல் நம்பர் லைசென்சில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். குழலுக்குள் துருக்குழி, வீக்கம் இருக்கக் கூடாது; உள்வரிகள் மழுங்கியிருக்கக் கூடாது. ஸ்லைடில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். (நம் லேபில் செய்கிற டை பெனிட்ரண்ட் டெஸ்ட் ஞாபகம் வருகிறதா?) மேகசின் வாய் வளைந்திருந்தால் தோட்டா சிக்கும். சேஃப்டி போட்டால் போட்ட இடத்தில் நிற்க வேண்டும். கடைசி முடிவு லைசென்ஸ் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவருடையது, நம்முடையது அல்ல.

யாருக்கு வாங்குகிறோமோ அவர்

இவ்வளவும் சொல்லி முடித்தேன். முறத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து, "எனக்குன்னு சொல்றீங்களே, என்னைய யாராச்சும் கேட்டீங்களா?" என்றார். மாமா பேசவில்லை. அத்தையே தொடர்ந்தார்: "பூட்டி வெச்சா அவசரத்துக்கு ஆகாது. பூட்டாம வெச்சா பேரப்புள்ளைங்க இருக்குது. எலக்சன் வந்தா ஸ்டேஷன்ல குடுக்கோணும்ங்கறாங்க. மொதல்ல களத்து மேட்டுல வெளிச்சம் போடுங்க."

நான் படித்த எந்தப் பாடத்திலும் இதற்கு மறுப்பு இல்லை. 2014-இல் பெண்களுக்கென்றே 'நிர்பீக்' என்ற அரைக் கிலோ ரிவால்வர் வந்தது. அப்போது விலை சுமார் 1.22 லட்சம். அந்தப் பணத்தில் விளக்கு, கேமரா, கம்பி வேலி எல்லாம் போட்டு மிச்சமும் இருக்கும்.

இப்போது களத்தில் இரண்டு விளக்கு எரிகிறது. லைசென்ஸ் விஷயம் அத்தையின் முடிவுக்கே விடப்பட்டிருக்கிறது.

இறுதியாண்டு நண்பர்களே, புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்களா? ஒரு தோட்டத்தில் பொத்தானை அழுத்தினால் சுற்றியுள்ள நாலு தோட்டத்திலும் மணி அடிக்க வேண்டும். கரண்ட் போனாலும் வேலை செய்ய வேண்டும். எலக்ட்ரிகல்காரர்களும் சேர்ந்தால் ஒரு செமஸ்டரில் முடித்துவிடலாம். சோதித்துப் பார்க்க இடம் வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள்.

— மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை