தையப் மேத்தாவின் ‘கூடல்’

2025 ஏப்ரலில் ஓர் ஓவியம் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. கால்கள் பிணைக்கப்பட்ட காளை. 1956இல் தையப் மேத்தா வரைந்தது. அதே காளையை அவர் கேமராவாலும் பிடித்திருக்கிறார் என்பது ஓவிய ரசிகர்களிலேயே பலருக்குத் தெரியாது. அந்தக் குறும்படத்துக்கு அந்தக் குஜராத்தி ஓவியர் வைத்த பெயர் தமிழ்ப் பெயர்: ‘கூடல்’.

1925இல் குஜராத்தின் கபட்வஞ்சில் பிறந்த மேத்தா, தூரிகை பிடிக்கும் முன் பம்பாயின் ஃபேமஸ் ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலை பார்த்தவர். 1947 கலவரத்தில் ஒரு மனிதன் தெருவில் அடித்துக் கொல்லப்படுவதைக் கண்ணால் கண்டார். அந்தப் பதற்றம் அவர் ஓவியங்களை விட்டு நீங்கவே இல்லை. மாடு வதைக்கூடத்துக்குப் போய் மணிக்கணக்கில் பார்த்து நின்றதும் அதன் தொடர்ச்சிதான்.

படத்துக்குப் பணம் போட்டது அரசு! சினிமாக் கொட்டகைகளில் மெயின் படத்துக்கு முன் கட்டாயமாக ஓடிய ‘செய்திப்பட’ நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷன், அறுபதுகளின் பிற்பகுதியில் அதன் ஆலோசகர் ஜான் பவ்நகரியின் தூண்டுதலால் புதுச் சோதனைகளுக்குக் கதவைத் திறந்தது. ஓவியர் எம்.எஃப். ஹுசைன் ராஜஸ்தானில் எடுத்த ‘ஓர் ஓவியனின் கண்களால்’ 1967இல் பெர்லின் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி விருது வென்றது. அடுத்து, 1970இல், ‘கூடல்’.

கதை கிடையாது, கதாநாயகனும் கிடையாது. பம்பாயின் ஜனத்திரள், மனித உடல்கள், மாடுகள், கடைசியில் பாந்த்ரா வதைக்கூடம். தனித்தனியே பார்த்தால் இவை வெறும் தெருக்காட்சிகள். கூட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டை ஒட்டும்போதுதான் நெஞ்சு துணுக்குறுகிறது. பழைய எடிட்டரின் கை அங்கே தெரிகிறது. பெரிய சூரியூர் வாடிவாசலில் திமிறிப் பாயும் காளையையும், திருவானைக்காவலில் அமர்ந்திருக்கும் நந்தியையும் பார்த்துப் பழகிய திருச்சிக்காரர்களுக்கு இந்தக் காளை வேறு. இதற்கு ஓட இடமில்லை. ஓவியத்தில் கோடும் வண்ணமும் வலியைக் கொஞ்சம் அடக்கி வைக்கின்றன. படத்தில் அந்தச் சலுகை இல்லை. என் கணிப்பில், 61 கோடி ஓவியத்தைவிட இதுவே கடுமையான படைப்பு.

ஃபிலிம்ஃபேர் விமர்சகர் விருது கிடைத்தது, ஆனால் பெயர் பரவவில்லை. ஆனாலும் ‘கூடல்’ அதிர்ஷ்டசாலிதான். அதே காலத்தில் ஓவியர் அக்பர் பதம்சீ எடுத்த ஒரு படத்தின் ஒரே பிரதி தொலைந்தே போனது.

2009இல் காலமாகும் வரை மேத்தா இன்னொரு படம் எடுக்கவில்லை. ‘கூடல்’ ஓடுவது சுமார் 16 நிமிடம்தான். சாப்பிட்ட கையோடு மட்டும் பார்க்க உட்காராதீர்கள்.