தனி வீடா, அடுக்கு வீடா?

பூதப்பாண்டியிலிருந்து நம் பழைய நண்பர் ஒருவர் யோசனை கேட்க வந்திருந்தார். இருபது சென்ட் புரையிடத்தில் அவருடைய முன்னோர் கட்டிய ஓட்டு வீடு நிற்கிறது. மகன் அயல்நாட்டில், மகள் பெங்களூரில். வீட்டில் இருப்பவர்கள் நண்பர், அவர் மனைவி, எண்பது பிராயம் கடந்த தாயார் ஆகிய மூவர் மட்டுமே. "இதை விற்றுவிட்டு நாகர்கோவிலில் அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்குங்கள்" என்று பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள். தாயாரோ, "என் காலுக்குக் கீழே மண் வேண்டும்" என்கிறார். யார் சொல்வது சரி? இந்தக் கேள்வி இன்று நாஞ்சில் நாட்டில் பல குடும்பங்களில் எழுந்திருப்பதால், நண்பருக்குச் சொன்ன அபிப்பிராயத்தை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்.

முதலில் தாயாரின் கட்சி. நம் பக்கத்தில் வீட்டை மட்டும் பிரித்துச் சொல்வது அபூர்வம்; "வீடும் விளையும்" என்பதே வழக்கு. படிப்புரையும், அடுக்களையும், கிணறும், நாலு தென்னையும், ஒரு பலாவும் சேர்ந்தால்தான் அது வீடு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவ மழைகளும் பெய்யும் பாக்கியம் பெற்ற சீமை இது. சரிந்த ஓட்டுக் கூரையும் நீண்ட இறவாரமும் அந்த மழைகளைக் கண்டு பிறந்தவை.

மண்ணின் மீதுள்ள இந்தப் பற்றுக்குச் சரித்திரக் காரணமும் ஒன்று உண்டு. முற்காலத்தில் நாஞ்சில் நாட்டு வேளாளக் குடும்பங்கள் பல மருமக்கள் வழியில் வாழ்ந்தன. சொத்துக் குடும்பம் முழுமைக்கும் பொது. நிர்வாகம் காரணவர் கையில். வாரிசுகளோ அவருடைய சகோதரியின் பிள்ளைகள். அவர் கண்ணை மூடினால் மனைவி மக்களின் கதி பரிதாபம்தான். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' பாடியது இந்த அவலத்தைக் கண்டே. 1926-ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகே பாகம் பிரிக்கவும், தந்தையின் சொத்து மக்களைச் சேரவும் வழி திறந்தது. "இது எனக்கு" என்று எல்லைக் கல் நட்டுச் சொல்வதற்கு நம் முன்னோர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இப்பொழுது வேடிக்கையைப் பாருங்கள். அடுக்கு வீட்டுப் பத்திரத்தில் எழுதப்படுவது என்ன? "பிரிபடாத பாகம்"! சுவர்களுக்கு உள்ளே இருப்பது தனி உரிமை. அடிமனையோ எல்லாருக்கும் பொது. பத்து சென்ட் மனையில் எட்டு வீடுகள் எழும்பினால், சம பங்கு ஒன்றேகால் சென்ட். அது எந்த மூலையில் என்று யாரும் வேலி போட முடியாது. கட்டடமோ வருஷத்துக்கு வருஷம் தேய்வது. நெடுங்காலம் நிற்பது மண்ணே. ஆகையால், குளியலறைப் பளிங்கைப் பார்க்குமுன் பத்திரத்திலுள்ள பாகத்தைப் பார்ப்பது விவேகம்.

சட்டமும் சில காவல்களைச் செய்திருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மனை வணிகச் சட்டப்படி, எழுதிப் பதிந்த ஒப்பந்தமின்றி விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை கண்டால், கட்டியவரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைகளுக்கு இச்சட்டத்தின்படி பதிவு வேண்டியதில்லை. மேலே சொன்ன பத்து சென்ட் மனை ஏறக்குறைய 405 சதுர மீட்டர்தான்! அத்தகைய இடங்களில் வாங்குகிறவர் தம் கண்ணையே காவலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டடம் முதுமையடைந்தால் என்ன செய்வது? 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு அடுக்குமாடி உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் இடித்துப் புதிதாகக் கட்ட இடம் தருகிறது. மற்ற ஒரு பங்கினர் விரும்பாவிட்டாலும் வீடு இடிபடும் என்பதும் இதில் அடக்கம். சிங்கப்பூரில் பெரும்பாலான குடும்பங்கள் வாழ்வது சர்க்கார் கட்டிய அடுக்கு வீடுகளில். அவையோ 99 வருஷக் குத்தகையே. அந்தத் தவணை முடிவதைப் பற்றிய கவலை அங்கும் தொடங்கிவிட்டது.

இனி, பிள்ளைகளின் கட்சி. ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. தேங்காய் வெட்டவும் ஆள் கிடைப்பதில்லை. நடுநிசியில் தாயாருக்கு நெஞ்சு வலித்தால், இருபது சென்ட் விளையில் குரல் கேட்டு ஓடிவர யார் இருக்கிறார்கள்? அடுக்கு வீட்டில் கதவைத் தட்டினால் எதிர்வீட்டுக் கதவு திறக்கும்.

இதைவிடப் பெரிய நியாயம் ஒன்றும் உண்டு. 1906-இல் பேச்சிப்பாறை அணை எழுந்தது வயலுக்கு நீர் பாய்ச்சத்தான். அந்த நீர் பாய்ந்த நன்செய்கள் பல இன்று மண் கொட்டி மேடாக்கப்பட்டு, கல் நட்ட மனைகளாகிவிட்டன. ஆளுக்கொரு தனி வீடு என்று வயலைத் தூர்த்துக்கொண்டே போனால், திருவிதாங்கூருக்குச் சோறு போட்ட சீமை தன் சோற்றுக்கே பிறர் கையை எதிர்பார்க்க நேரும். எட்டுக் குடும்பங்கள் பத்து சென்டில் அடங்குவது அந்த வகையில் தேச சேவையே.

அடுக்கு வீட்டு ஏணிப்படிக்கு ஜாதித் தெரு கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். அதே 1926-இல்தான் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாரும் நடக்க உரிமை வேண்டிச் சத்தியாக்கிரகம் நடந்தது. இன்று எட்டுக் குடும்பத்தாரும் ஒரே படியில் ஏறி, ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்து, கூடிக் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தச் சங்கம் ஒழுங்காக நடந்தால் அது ஒரு குட்டிச் சுயராஜ்யம். நடக்காவிட்டால் பழைய காரணவர் ஆட்சிதான்! ஆதலால் வாங்குமுன் சங்கத்தின் வரவு செலவுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

நம் முடிவு இதுதான். முன்னோர் மனை உள்ளவர் அதை விடக் கூடாது. மனை இல்லாத இளங்குடும்பத்தார் வயலைத் தூர்ப்பதைவிட, நல்ல பாகமுள்ள அடுக்கு வீட்டை வாங்குவதே மேல். முதியோருக்கு வேண்டியது உரிமையைவிட அண்டை அயலார்.

ஆகவே நண்பரிடம், "விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம், மின்தூக்கி உள்ள கட்டடமாகப் பார்த்து ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள்" என்றோம். அவர் போய்த் தாயாரிடம் சொன்னாராம். "வாடகை என்றால் திரும்பி வரலாமல்லவா?" என்று கேட்டுவிட்டு, கிணற்றடி வாழைக்கு யார் தண்ணீர் விடுவது என்று அந்த அம்மையார் யோசிக்கத் தொடங்கினாராம்.