மிளகு போன தடம்

முசிறிக்குச் சாட்சிகள் பலர். எகிப்திலிருந்து கப்பலேறி வந்த கிரேக்க வணிகன் ஒருவன் அதைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்தான். ரோமில் பிளினி, போய் வந்தவர்களிடம் கேட்டு எழுதினார். சங்கப் புலவர்கள் பாடினார்கள். வரைபடக்காரர் ஒருவர் அதைக் கோயிலோடும் ஏரியோடும் வரைந்தே காட்டினார். இத்தனை பேர் சொல்லியும், இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை “இதுதான் முசிறி” என்று ஒரு பிடி மண்ணை அள்ளிக் காட்ட யாராலும் முடியவில்லை.

ஒரு துறைமுகம் இப்படித் தொலைந்துபோவதற்குக் கேரளக் கரை ஏற்ற இடம். அங்கே ஆறுகள் ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன, கழிகள் மூடுகின்றன, புதிய முகத்துவாரங்கள் திறக்கின்றன. மரமும் செங்கல்லும் கொண்டு கட்டிய ஊர், மழையிலும் சேற்றிலும் சில தலைமுறைகளில் கரைந்து தரையோடு தரையாகிவிடும். அதன்மேல் தென்னை வைத்து, வீடு கட்டி, கிணறு வெட்டி மக்கள் வாழத் தொடங்கினால் முடிந்தது. ஹம்பியைப் போல நின்று காட்டத் தூண்கள் இல்லை.

ஆகவே தேடல் ஏடுகளில் தொடங்கியது.

முதல் சாட்சி, ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்’ என்ற கிரேக்கக் கையேடு. கி.பி. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்டது. எழுதியவன் பெயர் தெரியாது. ஆனால் வணிகனின் கண் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது: எந்தத் துறையில் என்ன விற்கும், எதை வாங்கலாம், எந்த மாதம் புறப்பட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. முசிறி ஓர் ஆற்றின் மேல் இருக்கிறது, ஆற்றிலும் கடலிலுமாக அதே கரையிலிருந்த தொண்டித் துறையிலிருந்து 500 ஸ்தாதியா தொலைவு, ஆற்று முகத்திலிருந்து 20 ஸ்தாதியா உள்ளே என்று கணக்குச் சொல்கிறான். இருபது ஸ்தாதியா என்றால் நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பக்கத்துத் துறைகளுக்குப் பெரிய கப்பல்கள் வருவதற்குக் காரணங்களில் மிளகின் அளவும் ஒன்று என்றும் சேர்க்கிறான்.

இரண்டாம் சாட்சியான பிளினிக்கு முசிறியைப் பிடிக்கவில்லை. அருகில் கடற்கொள்ளையர் இருக்கிறார்கள், அங்கே போவது நல்லதல்ல என்று தம் ‘இயற்கை வரலாறு’ நூலில் எச்சரிக்கிறார். இன்னொரு குறையும் சொல்கிறார்: கப்பல்கள் நிற்குமிடம் கரையிலிருந்து தொலைவில் இருக்கிறது, சரக்கை ஏற்றவும் இறக்கவும் சிறு படகுகள் வேண்டும். அதையடுத்துத் தெற்கே இருந்த துறையைப் பற்றி எழுதும்போது, ஒற்றை மரத்தைக் குடைந்த தோணிகளில் மிளகு வந்து சேர்கிறது என்று அந்தத் தோணியின் வகையையும் குறிக்கிறார்.

இங்கே புறநானூற்றின் 343-ஆம் பாடலை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் உடல் சிலிர்க்கிறது. பரணர் பாடியது. மகள் மறுத்தல் பற்றிய பாட்டு. வரப்போகும் சண்டைதான் அதன் கரு. ஆனால் இடையில் முசிறியைச் சொல்லும்போது, மீனுக்கு நெல் மாறுவதையும் மனைகளில் மிளகு மூட்டைகள் குவிந்திருப்பதையும் சொல்லிவிட்டு, கப்பல்கள் கொண்டுவந்த பொன்னைக் கழியில் ஓடும் தோணிகள் கரை சேர்ப்பதையும் சொல்கிறார். கப்பல் கரைக்கு வரவில்லை. வெளியே நிற்கிறது. தோணிதான் போய் வருகிறது. பிளினி குறையாகச் சொன்னதும் பரணர் வளமாகச் சொன்னதும் ஒரே காட்சி. பிளினிக்குத் தமிழ் தெரியாது, பரணருக்கு லத்தீன் தெரியாது. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருக்க வழியே இல்லை. உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சேற்றியிராவிட்டால் இந்த ஒப்பீடு எளிதில் வாய்த்திராது.

அகநானூற்றின் 149-ஆம் பாடல் இன்னொரு துண்டைத் தருகிறது. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் ஊர் என்று முசிறியைச் சொல்லும் அப்பாடல், சுள்ளி என்னும் பேராற்றையும் பெயர் சொல்லிக் காட்டுகிறது. அது இன்றைய பெரியாறு என்பது பெரும்பாலோர் கொண்ட முடிவு. பியூட்டிங்கர் வரைபடம் என்ற பழைய ரோமானிய நிலப்படத்தின் இடைக்காலப் பிரதி, முசிறிக்குப் பக்கத்தில் ‘அகஸ்டஸ் கோயில்’ என்று எழுதி ஒரு கட்டடத்தையும், முசிறியின் பெயராலேயே ஓர் ஏரியையும் காட்டுகிறது. அந்த ஏரி கழியாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாம் சேர்ந்து பெரியாற்றின் முகத்துவாரத்தைச் சுட்டின. அங்கே கொடுங்கல்லூர் இருந்தது. பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னன் கி.பி. 1000-ஐ ஒட்டி, ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேட்டில், மன்னன் இருந்த இடம் முயிரிக்கோடு என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. முசிறி முயிரியாவது மலையாளத்துக்கு இயல்பே. ஐயமே இல்லை, கொடுங்கல்லூர்தான் என்று அறிஞர்கள் நம்பினார்கள். சேரமான் பறம்பில் 1945-இலும், பிறகு 1969-இலும் தோண்டினார்கள்.

கிடைத்தது இடைக்கால ஊர். யவனர் வந்த நூற்றாண்டுகளின் ஒரு பானை ஓடுகூட அங்கே இல்லை.

இப்படி ஒரு குழி வெறுமையாக வரும்போது இரண்டு வழி உண்டு. ஏடுகள் மிகைப்படுத்தின என்று விட்டுவிடலாம், அல்லது தோண்டிய இடம் தவறு என்று எண்ணிப் பார்க்கலாம். ஆறு இரண்டாயிரம் ஆண்டு ஒரே தடத்தில் ஓடியதா என்று கேட்டவர்கள் நிலவியலாளர்கள். செயற்கைக்கோள் படங்களும் வண்டல் அடுக்குகளும் பெரியாறு இடம் மாறியிருப்பதைக் காட்டின. கே.பி. ஷாஜன் என்ற நிலவியலாளர் கொடுங்கல்லூருக்குத் தெற்கே, ஆற்றின் மறுபக்கம் தேடினார். எர்ணாகுளம் மாவட்டத்தில் வடக்கு பறவூருக்கு அருகே ஒரு சிற்றூர். மழை பெய்து மண் கழுவப்பட்டால் அங்கே தரையில் பாசிமணிகள் மின்னும். பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவார்கள். அந்த ஊரின் பெயர் பட்டணம்.

பட்டினம் என்றால் கடற்கரை ஊர், துறைமுக ஊர். காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம் என்று தமிழ்க் கரையெங்கும் ஒலிக்கும் சொல். கடலிலிருந்து விலகித் தென்னந்தோப்புக்குள் கிடக்கும் ஒரு சிற்றூருக்கு அந்தப் பெயர் எதற்கு என்ற கேள்வி, நூற்றாண்டுகளாக எல்லார் வாயிலும் புழங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஷாஜனும் தொல்லியலாளர் வி. செல்வகுமாரும் 2004-இல் சோதனைக் குழி போட்டார்கள். 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வு மன்றம், பி.ஜே. செரியன் தலைமையில் பருவம் பருவமாகத் தோண்டியது. இம்முறை மண் பேசியது. மத்தியதரைக் கடல் நாடுகளின் அம்போராக்கள், அதாவது மதுவும் எண்ணெயும் அடைத்து வந்த இருகைச் சாடிகள், ஓடு ஓடாக வந்தன. மேற்காசியச் சாடிகளின் துண்டுகள், கண்ணாடிமணிகள், செதுக்கிய மணிக்கற்கள், கருகிய மிளகு, சாம்பிராணித் துணுக்குகளும் கிடைத்தன.

ஓட்டை வைத்து ஊர் சொல்வது எப்படி? உடைந்த விளிம்பைப் புதிதாக நறுக்கி உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள். களிமண்ணோடு கலந்த மணல், அது எடுக்கப்பட்ட இடத்தின் கைநாட்டு. பட்டணத்து அம்போராக்களில் ஒரு வகை ஓட்டில் பளபளக்கும் கரிய எரிமலை மணல் இருக்கிறது. வெசுவியஸ் மலை நிற்கும் நேப்பிள்ஸ் விரிகுடாப் பகுதியின் அடையாளம் அது. முசிறிக்குப் போகாதே என்று எழுதிய பிளினி, கி.பி. 79-இல் அதே வெசுவியஸ் வெடித்தபோது அந்த விரிகுடாக் கரையில்தான் உயிர்விட்டார்.

பிறகு தோணி வந்தது. 2007-இல் நீர் ஊறிய சேற்றுக்குள், செங்கல் கட்டுமானம் ஒன்றை ஒட்டி, அயினி மரத்தில் செய்த ஏறத்தாழ 6 மீட்டர் நீளத் தோணி கிடந்தது. பக்கத்தில் படகுகளைக் கட்டும் தேக்கு முளைகள் வரிசையாக நட்டிருந்தன. காற்றுப் புகாத சேறுதான் மரத்தை மக்காமல் காத்தது. தோண்டியவர்கள் அதைப் படகுத்துறை என்று கொள்கிறார்கள். பரணர் பாட்டில் ஓடியதும் பிளினி சலித்துக்கொண்டதும் இப்படிப்பட்ட தோணிதான்.

வாங்கியவர்களின் பக்கமிருந்தும் ஒரு தாள் வந்து சேர்ந்தது. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் பாப்பிரஸ் தொகுப்பிலிருந்த ஒரு கிழிந்த தாளை, ஹெர்மன் ஹாரவுவர், பீட்டர் சைப்பஸ்டைன் என்ற இருவர் 1985-இல் பதிப்பித்தார்கள். பியூட்டிங்கர் வரைபடம் இருப்பதும் அதே நூலகத்தில்தான் என்பது தற்செயல். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தத் தாளின் ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம். முசிறிப் பயணத்துக்கு வாங்கிய கடன். செங்கடல் துறையிலிருந்து சரக்கை ஒட்டகத்தில் ஏற்றிக் காவலோடு கோப்டோஸ் ஊருக்குக் கொண்டுவருவேன், அங்கிருந்து நைல் ஆற்றில் அலெக்சாந்திரியாவுக்கு அனுப்புவேன், கிடங்கில் உம்முடைய முத்திரையிட்டு வைப்பேன் என்று கடன்பட்டவர் உறுதி தருகிறார். சரக்கில் நான்கில் ஒரு பங்கு அரசுக்குச் சுங்கம்.

மறுபக்கம், ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. கங்கைக் கரையிலிருந்து வந்த சடாமாஞ்சில் 60 பெட்டி, தந்தம், தந்தத் துண்டுகள் என்று எடையும் விலையுமாகப் போகிறது. சுங்கப் பங்கு கழித்து நிற்கும் மதிப்பு 1154 தாலந்து, 2852 டிராக்மா. அதாவது 69 லட்சத்து 26 ஆயிரத்து 852 டிராக்மா. எகிப்திய டிராக்மா ஒன்று ரோமின் ஒரு செஸ்டெர்ஸுக்குச் சமம். அக்காலத்தில் ரோமானியப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 1200 செஸ்டெர்ஸ். வகுத்துப் பார்த்தால், ஒரே கப்பலின் சரக்கு 5,700-க்கும் மேற்பட்ட வீரர்களின் ஓராண்டுச் சம்பளம். ஒரு முழுப் படைப்பிரிவுக்கே போதும். இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஸை உறிஞ்சுகிறது என்று பிளினி புலம்பியதை வெறும் ஒப்பாரி என்று இனி ஒதுக்க முடியாது.

ஆனால் தாளில் எஞ்சிய பகுதியில் மிளகு என்ற சொல்லே இல்லை. இருக்கும் பொருள்களின் விலையைக் கூட்டினால் மொத்தத் தொகை எட்டவில்லை. விடுபட்ட பெருந்தொகை எதற்கு? இத்தாலிய வரலாற்றறிஞர் ஃபெதெரிகோ தெ ரொமானிஸ், எழுத்தையும் கணக்கையும் மீண்டும் வரி வரியாகப் படித்து, கிழிந்துபோன பத்தியில் இருந்தவற்றில் மிகப் பெரிய சரக்கு மிளகுதான் என்று வாதிடுகிறார். இல்லாத எழுத்தை இருக்கும் எண்ணிலிருந்து மீட்கும் அந்த உழைப்பு, எந்தத் தங்கப் புதையலைக் காட்டிலும் மதிப்புள்ளது.

கடலின் மறுகரையிலும் தோண்டினார்கள். செங்கடல் ஓரத்து பெரெனிகே துறையில் ஸ்டீவன் சைட்பாதமும் வில்லெகே வெண்ட்ரிக்கும் நடத்திய அகழாய்வில், 1999-இல் ஒரு கோயில் முற்றத்தில் புதைந்திருந்த சாடி ஒன்று வெளிவந்தது. சாடி இந்தியாவில் வனைந்தது. உள்ளே சுமார் ஏழரைக் கிலோ மிளகு, முழுமணியாக. அங்கிருந்து வடக்கே, குசெய்ர் அல்-காதிம் என்ற இடத்தில் இருந்த பழைய துறையில் தமிழ்-பிராமி எழுத்துள்ள ஓடுகள் கிடைத்தன. கணன், சாதன் என்று ஆட்களின் பெயர்கள் இரண்டில். இன்னொன்று பெரிய சேமிப்புச் சாடியின் துண்டு. அதிலுள்ள எழுத்தை ‘பானை ஒறி’ என்று படித்த ஐராவதம் மகாதேவன், உறியில் தொங்கவிடும் பானை என்று பொருள் கண்டார். செங்கடல் கரையில், எகிப்திய வெயிலில், யாரோ ஒருவர் தம் பாத்திரத்தில் வீட்டுப் புழக்கச் சொல் ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். கப்பல்கள் யவனருடையவையாக இருந்திருக்கலாம். அவற்றில் போனவர்கள் எல்லாரும் யவனர் அல்லர்.

இவ்வளவுக்குப் பிறகும் வழக்கு முடியவில்லை. பட்டணம்தான் முசிறி என்பதை ஏற்காத வரலாற்றறிஞர்கள் இருக்கிறார்கள். ஊர்ப்பெயர் பொறித்த ஓடு ஒன்றும் கிடைக்கவில்லை, வரைபடம் காட்டும் அகஸ்டஸ் கோயிலின் சுவடு இல்லை, இது முசிறியைச் சேர்ந்த பல துறைகளில் ஒன்றாகவும் இருக்கலாமே என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் தேவையானது. கொடுங்கல்லூரில் ஐயப்படாமல் நம்பியதன் விலையை ஒருமுறை கொடுத்தாயிற்று. ஆனால் இந்தக் கரையில் இவ்வளவு மத்தியதரைக் கடல் ஓடுகளைத் தந்த வேறோர் இடத்தை மறுப்பவர்கள் இன்னும் காட்டவில்லை.

பட்டணத்து மேட்டில் தோண்டப்பட்டது மிகச் சிறு பகுதி. மற்ற இடமெல்லாம் வீடும் தோப்பும். ஒவ்வொரு குழியும் யாரோ ஒரு குடும்பத்தின் கொல்லையில், அவர்கள் இசைந்தால்தான் இறங்குகிறது. கோடையில் வேலையைத் தொடங்கினால், இடவப்பாதி மழைக்கு முன்பு முடித்தாக வேண்டும். யவனக் கப்பல்களை முசிறிக்குத் தள்ளிவந்த அதே தென்மேற்குக் காற்று மழையோடு வந்திறங்கும்போது, நிலத்தடி நீர் ஏறிக் குழிகளை நிரப்பிவிடுகிறது.