இரண்டு குண்டு, சில மணி நேரம்

கப்பல் நின்ற கரைகள் – 9

ஆஸ்லோவில் கப்பல் நிற்பது எட்டு மணி நேரம்தான். அதற்குள் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று முந்தின இரவே எங்கள் மேசையில் முணுமுணுப்பு. விடியுமுன் எழுந்து மேல்தளத்துக்குப் போனேன். நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் ஃபியோர்டு, ட்ரோபாக் என்ற இடத்தில் தொண்டைபோலக் குறுகுகிறது. ஒரு பக்கம் சிற்றூர். மறுபக்கம் தீவின் மேல் ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டை. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கடலடியில் ஒரு போர்க்கப்பல் கிடக்கிறது.

அதன் பெயர் ப்ளூஷர். ஜெர்மன் கடற்படையில் சேர்ந்து ஏழு மாதம்கூட ஆகாத புதுக்கப்பல். 1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் இதே வழியாகத்தான் வந்தது. நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவைப் பிடித்து, அரசரையும் அமைச்சர்களையும் வளைத்துவிடுவது திட்டம்.

கோட்டைத் தளபதி கர்னல் பிர்கர் எரிக்சனுக்கு வயது 64. சுடச் சொல்லி மேலிடத்து உத்தரவு இல்லை. வருவது யார் கப்பல் என்பதும் நிச்சயமில்லை. கையிலிருந்தவர்களில் பலர் சேர்ந்து ஒரு வாரமான பையன்கள். ஆள் பற்றாமல் சமையற்காரர்களையும் பீரங்கிக்கு அழைத்தார்கள். அந்தப் பீரங்கிகள் 1893-இல் வந்திறங்கியவை. செய்தது ஜெர்மனியின் க்ரூப் ஆலை! பெயர் மோசே, ஆரோன்.

எச்சரிக்கைக் குண்டு போடாமல் நேராகவே சுடச் சொன்னார் எரிக்சன். மீண்டும் குண்டு நிரப்ப ஆளில்லாததால் பீரங்கிக்கு ஒரே குண்டு. இரண்டும் பட்டன. பாறையைக் குடைந்து மறைத்திருந்த தளத்திலிருந்து டார்பிடோக்களும் பாய்ந்தன. காலையில் ப்ளூஷர் கவிழ்ந்து மூழ்கியது. விவிலியத்து மோசே கடலைப் பிளந்தது மட்டுமல்ல, பார்வோனின் படைமேல் அது மூடவும் கை நீட்டியவர். இங்கே நடந்தது அந்தப் பிற்பாதிக் கதை.

ஆனாலும் ஆஸ்லோ தப்பவில்லை. விமானத்தில் வந்திறங்கிய படை அன்றே நகரைப் பிடித்தது. மிஞ்சியது சில மணி நேரம். அதற்குள் அரசர் ஏழாம் ஹாக்கோன், அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் ரயிலேறி ஹாமருக்குப் போய்விட்டார்கள். சுமார் 50 டன் தங்கமும் நகரைவிட்டு லாரிகளில் கிளம்பியது. தங்களோடு சேர்ந்துகொண்ட நார்வே அரசியல்வாதி க்விஸ்லிங்கைப் பிரதமராக்கு என்ற ஜெர்மனியின் கோரிக்கைக்கு மறுநாள் இசைய மறுத்தார் அரசர். பிடிபட்டிருந்தால் அப்படி மறுத்திருக்க முடியுமா?

எங்கள் கப்பல் நின்ற இடம் அகெர்ஷுஸ் கோட்டையின் அடிவாரம். ஏறினால் எதிர்ப்பு இயக்க அருங்காட்சியகம். 1941-இல் ஜெர்மானியர் வானொலிகளைப் பறிமுதல் செய்தபின், மக்கள் ஒளித்துவைத்துக் கேட்ட பெட்டிகள் அங்கே இருக்கின்றன. வெளியே, சுட்டுக் கொல்லப்பட்ட போராளிகளின் நினைவுக்கல். இதே கோட்டையில்தான் 1945 அக்டோபர் 24 அன்று க்விஸ்லிங்கையும் சுட்டார்கள். நமக்கு எட்டப்பன் போல, ஐரோப்பாவுக்கு அந்தப் பெயர்.

மாலையில் கப்பல் மறுபடி ட்ரோபாக்கைக் கடந்தது. எட்டு மணி நேரம் போதவில்லை என்று எங்கள் மேசையில் யாரும் சொல்லவில்லை.

(தொடரும்)