ஆராய்ச்சிப் பட்டம்

"ஐயா, நான் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கலாமா?" என்று முதுகலை வகுப்பை முடிக்கும் மாணவர் பலர் என்னைக் கேட்பதுண்டு. அக்கேள்வியில் உள்ள 'படிக்கலாமா' என்னும் சொல்லையே நான் முதலில் எடுத்துக்கொள்வேன். பள்ளியிலும் கல்லூரியிலும் நாம் செய்வது படிப்பு. பிறர் கண்டு நிலைநாட்டிய உண்மைகளைக் கற்கிறோம். தேர்வில் அவற்றை எழுதிக் காட்டுகிறோம். ஆராய்ச்சிப் பட்டத்தின் இயல்பு வேறு. அங்கே எழுப்பும் வினாவுக்கு விடை பாடநூலில் இராது, ஆசிரியரிடமும் இராது. இருக்குமாயின் அது ஆராய்ச்சிக்குரிய வினா ஆகாது. விடையை மாணவர் தாமே தேடி, அது சரியே என்று அத்துறை வல்லார் ஏற்கும்படி மெய்ப்பிக்கவேண்டும். அவ்வாறு மெய்ப்பித்தவருக்கு அளிக்கும் சான்றே டாக்டர் பட்டம். தமிழில் இதனை முனைவர் பட்டம் என்கிறோம்.

இப்பட்டம் இன்றைய வடிவில் மிகப் பழமையானது அன்று. 1810-ஆம் ஆண்டில் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்தைப் போன்ற ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள், கற்பிப்பதோடு புதியன காண்பதும் தம் கடமை என்று கொண்டன. அக்கொள்கையிலிருந்து வளர்ந்ததே ஆராய்ச்சிப் பட்டம். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861-இல் மூவருக்கு இதனை வழங்கிற்று. பழமை மிக்க ஆக்ஸ்போர்டு 1917-இல்தான் இதனை ஏற்படுத்திற்று. 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தில், தமிழ் இலக்கிய ஆராய்ச்சிக்காக மு. வரதராசனார் 1948-இல் இப்பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் சங்க இலக்கியத்தில் இயற்கை.

ஆராய்ச்சியின் முதற்படி வினாவைச் சுருக்குவது. 'காவிரிப் பாசனம்' என்று ஒருவர் தலைப்பிட்டால் ஓர் ஆயுட்காலம் போதாது. ஒரு கிளை வாய்க்காலின் கடைமடை வயல்களுக்குப் பத்து ஆண்டுகளில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது, குறைந்த ஆண்டுகளில் உழவர் எப்பயிருக்கு மாறினர் என்று கேட்டால், அதற்கு விடை காண இயலும். கண்ட விடையைப் பிறர் சரிபார்க்கவும் இயலும். சிறிய வினா என்று இளைஞர் வருந்துவர். குறுகிய கிணறே ஆழமாகத் தோண்டத்தக்கது என்பதை அவர்கள் உணரவேண்டும்.

மாணவி ஒருவரின் வரலாற்றைச் சொன்னால் இப்பணியின் தன்மை இன்னும் விளங்கும். வட அயர்லாந்தில் 1943-இல் பிறந்த ஜாசலின் பெல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். அவருக்கு வழிகாட்டியவர் ஆண்டனி ஹியூவிஷ். குவேசார் எனப்படும் மிகத் தொலைவிலுள்ள வான்பொருள்களை வானொலி அலைகளைக் கொண்டு ஆராய்வது அவர் பணி. அதற்குக் கருவி வேண்டுமல்லவா? ஏறத்தாழ 4½ ஏக்கர் நிலத்தில் கம்பங்களை நட்டு, கம்பிகளை இழுத்துக் கட்டி, வானொலித் தொலைநோக்கியை அமைப்பதிலேயே இரண்டு ஆண்டுகள் சென்றன. பெல்லும் சம்மட்டி பிடித்து உழைத்தார்.

1967-ஆம் ஆண்டின் நடுவில் கருவி இயங்கத் தொடங்கிற்று. நாள்தோறும் ஏறக்குறைய 100 அடி நீளமுள்ள தாளில் பேனா முனை கோடுகளை வரைந்து தள்ளும். அத்தனை தாளையும் பெல் கண்ணால் பார்த்து ஆய்ந்தார். ஒருநாள் ஒரு சிறு கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. அது குவேசாரின் குறியும் அன்று. பூமியில் எழும் இரைச்சலின் குறியும் அன்று. வானத்தின் அதே பகுதியிலிருந்து முன்பும் இத்தகைய குறி வந்தது அவர் நினைவுக்கு எட்டிற்று. பழைய தாள்களைப் புரட்டினார். விண்மீன்கள் நாள்தோறும் ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக உதிப்பன. அக்குறியும் அக்கணக்கையே தழுவி வந்தது. ஊர்தியோ பொறியோ எழுப்பும் இரைச்சலாயின் விண்மீன்களின் கணக்கைத் தழுவி வருமோ?

நவம்பர் மாதத்தில் தாளை விரைவாக ஓடவிட்டுப் பார்த்தபோது, 1⅓ விநாடிக்கு ஒரு முறை தவறாது துடிக்கும் அலையாக அது தெரிந்தது. மனிதர் செய்த ஏதோ ஒன்றாகவே இருக்கும் என்று வழிகாட்டி முதலில் கருதினார். பெல் விட்டுவிடவில்லை. டிசம்பரில் வானத்தின் வேறொரு பகுதியில் இரண்டாவது துடிப்பையும் கண்டார். இவ்வாறே பல்சார் என்னும் துடிப்பு விண்மீன்கள் உலகுக்குத் தெரியவந்தன. ஆயினும் அவர் ஆய்வேட்டின் பொருள் குவேசார்களே. பல்சார்கள் பின்னிணைப்பில் இடம்பெற்றன.

தாம் அவ்விடத்துக்குத் தகுதியற்றவர் என்று கண்டு தம்மை வெளியேற்றிவிடுவார்களோ என அந்நாளில் அஞ்சியதாகவும், ஆதலால் எதனையும் விடாது உழைத்ததாகவும் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஐயமுறும் மாணவர் இதனை நினைவிற் கொள்க. அறிவின் கூர்மையைவிடப் பொருந்தாத ஒன்றைப் பொருட்படுத்தும் நேர்மையே அங்கு வென்றது. 1974-இல் இக்கண்டுபிடிப்புக்காக ஹியூவிஷ் நோபெல் பரிசில் பங்கு பெற்றார், பெல் பெறவில்லை. அறிவியலார் பலர் அதனைக் குறை கூறினர். 2018-இல் தமக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசு முழுவதையும், வாய்ப்புக் குறைந்த பிரிவினர் இயற்பியலில் ஆராய்ச்சி மாணவராவதற்கு உதவித்தொகையாக அவர் வழங்கிவிட்டார்.

இனி நம் நாட்டு நடைமுறையைக் காண்போம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வகுத்த நெறிமுறைகளின்படி, இப்பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள் உழைக்கவேண்டும். பொதுவாக 6 ஆண்டுகளுக்குள் முடிக்கவேண்டும். தொடக்கத்தில் ஆய்வு முறைகள் பற்றிய பாடங்கள் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் ஓர் ஆலோசனைக் குழுவின் முன் தம் பணியை மாணவர் எடுத்துரைக்கவேண்டும். ஆய்வேட்டை வழிகாட்டியோடு, அந்நிறுவனத்தைச் சாராத இரு தேர்வாளரேனும் மதிப்பிடுவர். பின்னர் வாய்மொழித் தேர்வு. அங்கே மாணவர் தம் முடிவுக்குத் தாமே நின்று விடை கூறவேண்டும்.

வழிகாட்டியைத் தேர்வது தலைப்பைத் தேர்வதினும் முக்கியமானது. ஒரு பேராசிரியர் 8 மாணவர்களுக்கு மேல் ஏற்றல் ஆகாது என்று அந்நெறிமுறைகள் வரையறுக்கின்றன. புகழை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். அவரிடம் முன்பு பணி செய்தோரைக் காணுங்கள். எழுதித் தந்ததை எத்தனை நாளில் படித்துத் தருவார்? மாணவர் மறுத்துப் பேசினால் பொறுப்பாரா? இவற்றைக் கேட்டறியுங்கள். பொருள் நிலையையும் எண்ணவேண்டும். தேசியத் தகுதித் தேர்வில் சிறந்து இளநிலை உதவித்தொகை பெறுவோருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தப்பெற்றது. அஃது எல்லார்க்கும் கிட்டுவதன்று. உதவித்தொகை இன்றி ஐந்தாறு ஆண்டுகளை எவ்வாறு கடப்பது என்பதை வீட்டாரோடு முன்னரே கலந்து பேசுவது நலம்.

பிறர் எழுத்தைத் தம் எழுத்தாகக் காட்டுவது ஆராய்ச்சியில் பெருங்குற்றம். 2018-இன் விதிகளின்படி ஒப்புமை 60 விழுக்காட்டைக் கடந்தால் பதிவே நீக்கப்படும். ஆனால், விதிக்கு அஞ்சி மட்டும் இதனைத் தவிர்ப்பது போதாது. நாம் எழுதுவதை நம்பி நாளை இன்னொருவர் தம் ஆராய்ச்சியைக் கட்டப்போகிறார். அடிக்கல் பொய்யாயின் அவர் உழைப்பும் வீணாகும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் பல, காந்திநகரிலுள்ள நிலையம் நடத்தும் ஷோத்கங்கா என்னும் மின்னூலகத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. சேர்வதற்கு முன் உங்கள் துறையில் இரண்டு மூன்றேனும் படித்துப் பாருங்கள்.

பெயருக்கு முன் இரண்டெழுத்து வேண்டும் என்பதற்காக மட்டும் இளமையின் ஐந்தாறு ஆண்டுகளைத் தருவது பெரும் விலை. ஒரு வினா உங்களை உறங்கவிடாமல் துரத்துமாயின், அதன் விடை உங்கள் எண்ணத்துக்கு மாறாக வந்தாலும் ஏற்கும் மனம் உங்களுக்கு இருக்குமாயின், தயங்காது முன்வாருங்கள். தாள்தாளாகப் பார்க்கும் பொறுமையைப் பல்கலைக்கழகம் தருவதில்லை. அதனை நீங்களே உடன் கொண்டுவரவேண்டும்.