கடைசிப் பெஞ்சியில் நாற்பது நாள்

உபாத்தியாயர் ஆக விரும்புகிறவர் எடுத்த எடுப்பில் பாடம் நடத்துவதில்லை. முதலில், கையில் ஒரு குறிப்புப் புத்தகத்துடன் கடைசிப் பெஞ்சியில் போய் உட்காருகிறார். வேறொருவர் பாடம் நடத்துவதைப் பார்த்து எழுதவேண்டும். இது வீண் சடங்கு என்று கருதுகிறவர்கள் உண்டு. அடியேனும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான்.

ஆனால் பார்வையின் மகிமைக்கு நம் சென்னையிலேயே ஒரு சரித்திரச் சான்று இருக்கிறது. 1789-இல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பள்ளிக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை ஒரு நாள் கண்டார். கண்டதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். தேறிய பிள்ளை தேறாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 1797-இல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்திலே பரவிற்று. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச் சென்ற பணத்தைக் கொண்டு ஏற்பட்ட பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றே பெயர். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களை ஏளனம் செய்கிறவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

பெல் பாதிரியாரின் கண் எனக்கு வாய்க்கவில்லை. 2004-ஆம் வருஷம், நாமக்கல் ஜில்லாவில் பள்ளிபாளையத்துக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது நாள் பயிற்சி பெற்றேன். 'கரும்பலகை எழுத்து தெளிவு. கேள்விகள் போதுமானவை' என்று என் குறிப்புகள் யாவும் உபாத்தியாயரைப் பற்றியே இருந்தன. பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. கடைசிப் பெஞ்சியிலிருந்து அவர்களுடைய பின்னந்தலைகள்தானே தெரியும்!

ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி. கேள்வி முடியுமுன்பே கூரை அதிரப் பதில் சொல்வாள். நான் பாடம் நடத்தும் முறை வந்தபோது, "இது வகுப்பா, சந்தைக் கடையா? மெல்லப் பேசத் தெரியாதா?" என்று அதட்டினேன். மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். 'ஒழுங்குக் குறைவு' என்று அவள் பெயருக்கு நேரே எழுதியும் வைத்தேன். மறுநாள் முதல் அவள் கை உயரவே இல்லை. வகுப்பு அமைதியாயிற்று என்று நான் திருப்தியடைந்தேன்.

பத்து நாள் கழித்து, வேறு காரியமாக ஒரு வீதிக்குப் போனேன். இருபுறமும் விசைத்தறிக் கூடங்கள். ஓயாத தறிச் சத்தம். ஒருவரிடம் வழி கேட்டேன். அவர் காதில் விழவில்லை. மூன்றாம் முறை தொண்டை கிழியக் கத்தினேன். அவரும் கத்தியே வழி சொன்னார். அடுத்த வாசலில் அந்தச் சிறுமி தன் தாயாரிடம் கத்திப் பேசிக் கொண்டிருந்தாள். கோபமுமில்லை, சண்டையுமில்லை. அந்த வீதியின் பேச்சே அதுதான்!

மறுநாள் என் குறிப்பை அடித்துவிட்டு, "நேற்று உங்கள் வீதியில் நானும் கத்தித்தான் பேசினேன், கண்ணு! இனி நீ தாராளமாகப் பதில் சொல்" என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் அதன் பிறகு அவள் சொன்ன பதில் முதல் பெஞ்சிக்குக் கூடக் கேட்கவில்லை. ஒரு நிமிஷத்தில் நான் அடைத்த குரலைத் திறக்க, மிச்சமிருந்த நாட்கள் போதவில்லை.

அப்போது பி.எட். படிப்பு ஒரே வருஷம். தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014-ஆம் வருஷத்து விதிகள் அதை இரண்டு வருஷமாக்கி, பள்ளிக்கூடப் பயிற்சிக்கு 20 வாரங்கள் ஒதுக்கின. காலம் கூடியது நல்லதே. ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் இருபது வாரமும் பின்னந்தலைகளோடு போய்விடும்.

என் வகுப்புக்கு வரும் பயிற்சி மாணவர்களை ஜன்னல் ஓரமாக, பிள்ளைகளின் முகம் தெரிய உட்காரச் சொல்கிறேன். ஒரு பீரியட் முழுதும் ஒரே குழந்தையைப் பார்க்கட்டும். 'சோம்பேறி' என்பது அபிப்பிராயம். 'இரண்டு தடவை கொட்டாவி விட்டான்' என்பதே கண்டது. லாரி ஓட்டும் தகப்பனார் நடுநிசியில் வீடு திரும்ப, அவருக்காகக் கண் விழித்திருந்த பிள்ளையாக அவன் இருக்கலாம் அல்லவா?

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் நீங்கள் அறிந்ததை உபாத்தியாயரிடம் இரண்டு வார்த்தை சொல்லி வையுங்கள். தறிச் சத்தத்தைப் பற்றி எனக்கு ஒருவர் முன்பே சொல்லியிருந்தால், அந்தக் குரல் அடங்கியிராது.