தண்ணீர் வடிந்த மறுவாரம்

மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா பக்கம், 2023 டிசம்பர் 5ஆம் தேதி. அதற்கு முன் இரண்டு நாள் சென்னைக்குப் பக்கத்திலேயே நின்று கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் போனது. அம்பத்தூர் எஸ்டேட், பட்டரவாக்கம், அத்திப்பட்டு, ஆவடி, திருவேற்காடு என்று ஏரிகளுக்கும் கூவத்துக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் பக்கத்தில் வந்த தண்ணீர் லேசில் போகாது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குப் போக வேண்டும். போகிற வழியெல்லாம் இப்போது வீடும் பட்டறையும். அம்பத்தூர் ஆவின் பண்ணைக்குள்ளேயே வெள்ளம் புகுந்து, ஊரே பால் பாக்கெட்டுக்கு அலைந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

நான் எஸ்டேட்டை ஒட்டி மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். தண்ணீர் வடிந்து கரண்ட் வந்த அன்றே கடை வாசல் நிறைந்துவிட்டது. போர் மோட்டார், கிரைண்டர், லேத் மோட்டார், கம்ப்ரெசர், எல்லாம் சேறும் சகதியுமாக.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார் உடனே செத்துவிடாது. ஈரம் காயாமல் சுவிட்சைப் போடுகிறோமே, அப்போதுதான் சாகிறது. கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரில் அலசி, ஸ்டேட்டரை ஓவனில் வைத்து மிதமான சூட்டில் காயவைக்க வேண்டும். ஓவன் இல்லாத இடத்தில் குண்டு பல்பை உள்ளே தொங்கவிட்டு ராத்திரி முழுக்க எரியவிடுவோம். பிறகு இன்சுலேஷன் அளக்கிற மெகர் வைத்துப் பார்ப்போம். ஒரு மெகாஓம்கூடக் காட்டவில்லை என்றால் ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது, மறுபடி காயவைக்க வேண்டியதுதான். நன்றாகக் காய்ந்துவிட்டால் பேரிங்கை மாற்றி, வார்னிஷ் கொடுத்து அனுப்பலாம், பழையபடி ஓடும். அவசரப்பட்டு ஓடவிட்டவர்களுக்குக் காயில் கருகிவிடும். அப்புறம் பழைய கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, ஸ்லாட் ஸ்லாட்டாகப் புதுசாகக் கட்ட வேண்டும். செலவு எங்கேயோ போய்விடும். காயாமல் சுவிட்சைப் போடாதீர்கள் என்கிற இந்த ஒரு விஷயத்தை முதல் நாளே ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லியிருந்தால் எத்தனையோ குடும்பத்துக்குப் பணம் மிஞ்சியிருக்கும்.

எதை முதலில் எடுப்பது என்பதுதான் பெரிய கேள்வி. பத்துக் குடித்தனத்துக்குப் பொதுவான போர் மோட்டாரை முதலில் எடுத்தேன். சம்ப்பில் சாக்கடை கலந்து கிடக்கும்போது, அதை இறைத்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடக்கூட மோட்டார் ஓடியாக வேண்டும். அடுத்தது மாவு அரைத்து விற்கிற ஒரு அக்காவின் கிரைண்டர். "தம்பி, சோத்துப் பொட்டலம் தினம் வருது. ஆனா நாளைக்கு நான் எதை வித்துப் பொழைக்கிறது?" என்று கேட்டார். அந்தப் பொட்டலம் கொண்டுவந்த பிள்ளைகளைக் கையெடுத்துக் கும்பிடலாம். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தவர்கள் அவர்கள். ஆனால் மறுவாரம் உதவி வண்டிகள் வருவது நின்றுவிட்டது, பட்டறைகளும் நின்றே கிடந்தன.

பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்கிற நாலு பேர் பட்டறையில் லேத் பெட் துருப்பிடித்து, சிஎன்சி கார்டில் சேறு ஏறிவிட்டால் வேலை முடங்கிவிடும். ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். அங்கே ஷிப்ட் கணக்கில் சம்பளம் வாங்குகிற பீகார், ஒடிசா பையன்களுக்கு ஷிப்ட் இல்லையென்றால் கூலி இல்லை. இன்சூரன்ஸ் வைத்திருந்தவர்களிலும் சிலர், சர்வேயர் வருவதற்குள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டு, காட்ட ஆதாரமில்லாமல் நின்றார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிற மாதிரி முதலில் போட்டோ எடுங்கள், கெட்டுப்போன சாமானைத் தூக்கி எறியாதீர்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

அரசு டிசம்பர் 17 முதல் ரேஷன் கடைகளில் டோக்கன் பார்த்து 6,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தது. கையில் காசாக வந்தது பெரிய உதவி; எது தேவையோ அதை வாங்கிக்கொள்ள முடிந்தது. வாடகைக்கு இருப்பவர்கள்தான் தவித்தார்கள். ரேஷன் அட்டை திருநெல்வேலியில் இருக்கும், ஆள் மண்ணூர்பேட்டையில் ஒற்றை அறையில் இருப்பார். அட்டை இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள், அதற்குத் தனி வரிசை, தனிக் காத்திருப்பு. இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த பிறகு அங்கே வந்த 'ரோடு ஹோம்' திட்டமும் சொந்த வீட்டுக்காரர்களை வைத்துப் போட்டதுதான். எங்கே அட்டை இருக்கிறது என்பதைவிட, எந்தக் கூரைக்குக் கீழே தண்ணீர் புகுந்தது என்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். தெருவுக்கு ஒரு பட்டியலை மழைக்காலத்துக்கு முன்பே வார்டு அளவில் எழுதி வைத்துவிடலாம்.

உதவ வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். பிஸ்கட், பாய், போர்வையோடு ஒரு ஜெனரேட்டரும் சேறு கழுவுகிற பிரஷர் பம்பும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். தெரிந்த எலக்ட்ரீஷியன் இருந்தால் கூட்டி வாருங்கள். முதல் மூன்று நாளைக்கு மட்டும் வராமல், தண்ணீர் வடிந்த மறுவாரமும் வாருங்கள். எந்தச் சந்தில் எந்த மோட்டார் கிடக்கிறது என்று காட்ட நாங்கள் இருக்கிறோம்.